ஐந்தாள் சத்தியம்

சுவைலிம் பட்டறைக்குப் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பியது அது ஆறாவது தடவை. காலையில் அவர் பஸ் ஏறும்போதே ஃபித்தாவுக்குத் தெரியும், வண்டி வராது, மனுஷன்தான் வருவார் என்று. தெரிந்தும் அடுப்பில் பானையை ஏற்றி, பருப்பையும் கோதுமை நொய்யையும் தயிர்க்கட்டி கரைத்த தண்ணீரில் வேகவிட்டு, அடி பிடிக்காமல் கிண்டிக்கொண்டிருந்தாள். குளிரோடும் கோபத்தோடும் வருகிறவருக்கு வயிற்றில் சூடாக ஏதாவது விழவேண்டும். ஜனவரி மாதத்து மூடுபனி கரக் மலையை முழுசாக விழுங்கியிருந்தது. வாசலில் நின்றால் ஆட்டுக் கொட்டகை தெரியவில்லை, ஆட்டின் இருமல் மட்டும் கேட்டது.

சுவைலிம் உள்ளே வந்து, நனைந்த ஆட்டுத்தோல் அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மண்ணெண்ணெய் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"என்ன சொன்னான்?" என்று கேட்டாள் ஃபித்தா.

"என்ன சொல்லுவான், பாடுன பாட்டத்தான் பாடுறான். 'ஒங்க மகன் எனக்கு வித்துட்டான் அபு ஹாயில், கைமேல கை அடிச்சு வித்துட்டான்'ங்கிறான். செத்தவன் எந்திரிச்சு வந்து இல்லேன்னு சொல்லுவானா? அந்தத் தைரியம் அவனுக்கு."

"கொஞ்சம் சாப்புடுங்க."

"சாப்பாடா கேக்குது? பதினோரு நாளு உம்மு ஹாயில்! ஒரு கிளச்ச மாத்த பதினோரு நாளு! அந்த வண்டி அன்னிக்கு வாசல்ல நின்னிருந்தா என் மகன் அடுத்தவன் லாரியில ஏறியிருப்பானா? ஒவ்வொரு வளைவும் அவனுக்கு உள்ளங்கை மாதிரி."

ஃபித்தா கிண்ணத்தில் ஊற்றி அவர் முன்னால் வைத்தாள். இந்தப் பேச்சு எப்போது வந்தாலும் அவளுக்குக் கிண்ணம், கரண்டி, அடுப்பு என்று ஏதாவது ஒரு வேலை கிடைத்துவிடும்.

நடந்தது இதுதான். அவர்களுக்கு இரண்டு பெண்கள், கட்டிக்கொடுத்தாயிற்று. ஒரே மகன் ஹாயில், இருபத்தாறு வயசு. அவன் பேரை வைத்துத்தான் ஊர் அவர்களை அபு ஹாயில், உம்மு ஹாயில் என்று கூப்பிட்டது. கீழே கோர் பள்ளத்துத் தோட்டங்களிலிருந்து தக்காளியைத் தன் வெள்ளை பிக்கப்பில் ஏற்றி மலைமேல் சந்தைக்குக் கொண்டுவருவது அவன் தொழில். வண்டி சொந்தமாக அவன் பேரில் இருந்தது. கிளச் தேய்ந்துபோய், நவம்பர் கடைசியில் கரக் நகரத்து ஓரத்திலிருக்கும் பட்டறைத் தெருவில் கலஃப் என்கிற மெக்கானிக்கிடம் வண்டியை விட்டான். பதினோரு நாள் கழிந்து ஒரு வெள்ளிக்கிழமை, இன்னொருத்தன் லாரியில் கோர் பள்ளத்துக்கு இறங்கினான். மூடுபனியில் லாரி வளைவைத் தாண்டி உருண்டது. ஓட்டினவன் கை முறிந்ததோடு பிழைத்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹாயில் பிழைக்கவில்லை. நாற்பதாம் நாள் துஆ முடிந்த மறுநாள் வண்டியை எடுத்துவரப் போன சுவைலிமிடம், வண்டி தன்னுடையது, ஹாயில் வியாழக்கிழமையே விற்றுவிட்டான், வெள்ளி, சனி லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை லைசன்ஸ் ஆபீஸ் திறந்ததும் பேர் மாற்றுவதாக இருந்தோம் என்று கலஃப் சொன்னான். காகிதம் எதுவும் இல்லை. சுவைலிம் அங்கேயே, பட்டறைத் தெரு முழுக்கக் கேட்கும்படி, "பொணத்துக்கிட்டத் திருடுறவனே!" என்று கத்தினார். அதற்கப்புறம் இது வண்டித் தகராறாக இல்லாமல் மானத் தகராறாகிவிட்டது. இப்போது வண்டியைக் கொடுத்தால் திருடினதை ஒத்துக்கொண்ட மாதிரி என்று கலஃப் சாவியை இடுப்பிலேயே வைத்துக்கொண்டான். போலீசுக்குப் போவது இரண்டு வீட்டுக்கும் கேவலம் என்று, விவகாரம் தீர்க்கிற ஹாஜி ஃபரீஜிடம் போனார்கள்.

"ஹாஜி முடிவு சொல்லிட்டாரு" என்றார் சுவைலிம், கிண்ணத்தைத் தொடாமல். "வர்ற வியாழக்கெழம சாயங்காலம், அஸர் தொழுகைக்கு அப்புறம் அவரு வீட்டுல. அஞ்சாள் சத்தியம்."

ஃபித்தாவின் கை கரண்டியோடு நின்றது.

"கலஃப் அல்லாஹ் மேல சத்தியம் பண்ணணும், நான் வாங்கினேன்னு. அவன் வாப்பா வழி ஆம்பளைங்க அஞ்சு பேரு அவன் பின்னால நின்னு, இவன் சொல்றது நெசம்னு சத்தியம் பண்ணணும். அஞ்சு பேரு வந்தா வண்டி அவனுக்கு, நான் வாயப் பொத்திக்கிட்டு வந்துடுவேன். ஒருத்தன் கொறைஞ்சாலும் அவன் திருடன். வண்டியும் போச்சு, கரக்ல அவன் பேரும் போச்சு." சொல்லிவிட்டு முதல் தடவையாக ஒரு வாய் சாப்பிட்டார்.

மறுநாள் பக்கத்து வீட்டு ஷம்ஸா மாவு கடன் கேட்கிற சாக்கில் வந்தாள். ஷம்ஸா வீட்டில் மாவு தீர்ந்த நாளே கிடையாது. ஊரில் செய்தி விளைந்தால்தான் அவளுக்கு மாவு தீரும்.

"கேட்டியா உம்மு ஹாயில்? கலஃபோட பெரியப்பா மக்க மூணு பேரும் கைய விரிச்சுட்டாங்களாம்."

"ஏனாம்?"

"ஏனாமா! அவன் வாங்குனத இவங்க பாத்தாங்களா? பாக்காத விஷயத்துக்கு சத்தியம் பண்ணி, நாளைக்கு வீட்டுல ஒரு பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா? பொய்ச் சத்தியம் ஏறுன வீடு வெளங்குமா? எல்லாம் ஆத்துக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து வந்த குடும்பம், இங்க இருக்கிறதே ஏழெட்டு ஆம்பளைங்க. அதுலயும் ஒருத்தனுக்கு ஒருத்தன் பேச்சு வார்த்த இல்ல. ஒரு கெழவன் மட்டும் வரேன்னிருக்கான். அவனுக்குக் காது டமாரம். கல்யாண விருந்துன்னு நெனச்சுக்கிட்டு வர்றானோ என்னமோ!" ஷம்ஸா தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்து, சாவு வீடு என்று நினைவு வந்ததும் முக்காட்டால் வாயை மூடிக்கொண்டாள். "சொந்த ரத்தமே நம்பலேன்னா அவன் திருடன்தானே? இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? ஒங்க வண்டி ஒங்களுக்கு வந்துடும், பாரு."

ஃபித்தா அவளுக்கு ஒரு படி மாவு அளந்து கொடுத்தாள். கொஞ்சம் தரையில் சிந்தியது.

கலஃப் திருடன் இல்லை. அது அவளுக்குத் தெரியும். வேறு யாரைவிடவும் அவளுக்குத் தெரியும்.

ஹாயில் சாவதற்கு இரண்டு நாள் முன்னால், புதன்கிழமை, பின்கட்டில் இரும்புத் தட்டைக் கவிழ்த்து வைத்து அவள் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தாள். அவன் வந்து பக்கத்தில் குந்தி, சூடான ரொட்டியைக் கிழித்துத் தின்றுகொண்டே, "உம்மா, வண்டிய நாளைக்கு கலஃபுக்கே குடுத்துடப் போறேன்" என்றான். குவைத்தில் டிரைவர் வேலை. ஏஜென்டுக்குக் கட்ட அந்தப் பணம் போதும். வாப்பாவிடம் சொல்லக்கூடாது, விசா கைக்கு வந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம். வியாழக்கிழமையே கட்டின அந்தப் பணம் பிறகு ஏஜென்டோடு போயே போய்விட்டது, அது வேறு கதை.

"ஏன்டா? மேல ஒனக்கு ரூமு கட்டப் போறேன்னு ஒங்க வாப்பா கல்லெல்லாம் எறக்கி வெச்சிருக்காரே" என்றாள்.

அவன் தட்டையே பார்த்துக்கொண்டு சொன்னான்: "அதுக்குத்தான் போறேன். எந்திரிச்சா ஒரு ஏச்சு, படுத்தா ஒரு ஏச்சு. பட்டாளத்துல அவரு திட்டாம விட்டத எல்லாம் எந்தலையில கொட்டுறாரு. அவரு மூஞ்சியப் பாத்துக்கிட்டு இன்னொரு குளிர்காலம் என்னால ஆகாது உம்மா. போனா திரும்பி வர மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன். ஒங்கள அங்க கூப்பிட்டுக்கிறேன்."

அவள் ஒரு ரொட்டி கருகும்வரை யோசித்தாள். பிறகு, "போ" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அந்த ஒரு சொல்தான் அவனை அடுத்தவன் லாரியில் ஏற்றிவைத்தது என்று அவள் நம்பினாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வண்டி அவனிடம் இருந்திருக்கும், அவனும் இருந்திருப்பான். சுவைலிம் கலஃபை ஏசும்போதெல்லாம் அந்த ஏச்சு தன்மேல் விழவேண்டியது என்று அவளுக்குத் தெரியும். வாய் திறந்தால் மகன் தன்னை விட்டு ஓடிப்போகவிருந்தான் என்று அந்த மனுஷனுக்குத் தெரிந்துவிடும். அனுப்பிவைத்தது கட்டின பெண்டாட்டி என்றும் தெரிந்துவிடும். திறக்காவிட்டால் வியாழக்கிழமை ஒரு நல்லவன் ஊர் நடுவில் திருடனாவான்.

செவ்வாய்க்கிழமை, முட்டிக்கு மருந்து வாங்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டு கரக் போகும் பஸ்ஸில் ஏறினாள்.

பட்டறைத் தெருவுக்குப் பெண்கள் வருவதில்லை. அவள் சேற்றில் பாவாடையைத் தூக்கிப்பிடித்து நடந்தபோது, இரும்பு தேய்க்கிற சத்தமும் சுத்தியல் சத்தமும் ஒவ்வொரு கடையாக நின்றன, அவள் தாண்டியதும் மறுபடி ஆரம்பித்தன. கலஃப் ஒரு லாரிக்கடியில் படுத்திருந்தான். கறுப்பு முக்காட்டைக் கண்டதும் வெளியே வந்து, கையைத் துணியில் துடைத்து, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை உள்ளே போடாமல் தெருவிலிருந்து எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் போட்டான். நாற்பத்தைந்து வயசிருக்கும். முகம் பழைய பேட்டரி மாதிரி அரித்துப்போயிருந்தது. கேஸ் அடுப்பில் சேஜ் இலை போட்டு டீ வைத்து அவளிடம் நீட்டிவிட்டு, தான் நாலு எட்டு தள்ளி ஒரு டயர்மேல் உட்கார்ந்தான்.

"நீங்க இங்க வந்திருக்கக் கூடாது அக்கா. நாலு பேரு பாக்குறாங்க."

"பாக்கட்டும். பெத்தவ, பிள்ளையோட வண்டியப் பாக்க வந்திருக்காள்னு நெனச்சுக்குவாங்க. எங்க இருக்கு?"

அவன் கைகாட்டினான். தகரக் கொட்டகைக்கடியில் வெள்ளை பிக்கப் தூசி படிந்து நின்றது. பின்பக்கம் தக்காளிப் பெட்டி ஒன்று கிடந்தது. அவள் கொஞ்சநேரம் பார்த்தாள். அழுகை வரும் என்று பயந்துகொண்டே வந்திருந்தாள், வரவில்லை.

"ஆள் கெடைச்சாச்சா ஒனக்கு?"

"ரெண்டு பேரு. கூடப்பொறந்தவன் ஒருத்தன் ஸர்க்கா ஊர்லேர்ந்து வரேன்னிருக்கான். இன்னொண்ணு எங்க சின்ன வாப்பா. அவருக்கு நான் சத்தியத்துக்குக் கூப்புடுறேனா சாப்பாட்டுக்குக் கூப்புடுறேனான்னே தெரியாது. அவ்வளவுதான் என் படை."

"மத்தவங்க கால்ல விழுந்து கேட்டியா?"

"கால்லயே விழுந்துட்டேன் அக்கா. 'நீ வாங்குனத நாங்க பாத்தோமா'ங்கிறாங்க. ஞாயந்தானே. நானா இருந்தாலும் அதத்தான் கேட்டிருப்பேன்." அவன் தரையில் கிடந்த ஒரு நட்டை எடுத்து உருட்டினான். "இப்ப ஒருத்தனும் வண்டி கொண்டு வர்றதில்ல. ரெண்டு வாரமா இந்த ஒரே லாரிதான். அதுவும் வெளியூர்க்காரன், விஷயம் தெரியாம வந்தவன்."

ஃபித்தா டீயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "ஹாயில் ஒங்கிட்ட என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னானா?"

கலஃப் தெருவைப் பார்த்தான்.

"சொன்னான்."

"என்னன்னு?"

"'வாப்பாவுக்குத் தெரியாது, உம்மாவுக்கு எல்லாம் தெரியும், அவங்ககிட்ட சொல்லிட்டேன்'னான். கையடிச்ச அன்னிக்கே சொன்னான்."

"அப்போ ஒனக்குத் தெரியும்."

"தெரியும்."

"ஆறு தடவ அவரு வந்து நடுத்தெருவுல ஒன்னத் திருடன்னாரு. ஹாஜி முன்னால வெச்சுத் திருடன்னாரு. 'அவன் உம்மாவக் கேட்டுப் பாருங்க'ன்னு நீ ஒரு வார்த்த சொல்லலியே கலஃப்!"

"எப்பிடி சொல்லுவேன்?" அவனுக்குக் குரல் உயர்ந்தது, உடனே தணித்துக்கொண்டான். "பிள்ளையப் பறிகொடுத்துட்டு உள்ள ஒக்காந்திருக்கிற ஒரு பொம்பள பேர, ஆம்பளைங்க கூடுன எடத்துல நான் எடுக்க முடியுமா? புருஷனுக்குத் தெரியாம மகனும் அவளும் பேசிக்கிட்டாங்கன்னு நான் சபையில சொன்னா, அப்புறம் ஒங்க வீடு என்னாகும்? எனக்கும் நாலு பொம்பளப் பிள்ளைங்க இருக்கு. திருடன்னு வேணா பேரெடுத்துட்டுப் போறேன், ஒரு வீட்டக் கெடுத்தவன்கிற பேரு எனக்கு வேண்டாம்." நட்டைக் கீழே போட்டுவிட்டு, "ஆனா பொய் சொல்ல மாட்டேன். மனசுக்குள்ள ஒங்கள ஏசாம நான் படுத்த நாளே கெடையாது" என்றான்.

அவளுக்கு அது நியாயமாகவே பட்டது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"என்ன பண்ணப் போறீங்க அக்கா?"

"தெரியல" என்றாள். உண்மையிலேயே தெரியவில்லை.

புதன்கிழமை அந்திநேரம் கொட்டகையில் ஒரு ஆடு குட்டிபோட முடியாமல் தவித்தது. குட்டியின் கால் மடங்கி மாட்டிக்கொண்டிருந்தது. சுவைலிம் சட்டைக் கையை மடித்து, எண்ணெய் தடவி, முழங்கைவரை உள்ளே விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். ஃபித்தா ஆட்டின் கழுத்தைக் கட்டிப்பிடித்து, மறு கையில் டார்ச் காட்டினாள். வெளியே சாரல் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவர் முகம் அவளுக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது. இதைவிட நல்ல நேரம் வராது என்றும், இதைவிடக் கெட்ட நேரம் இல்லை என்றும் தோன்றியது.

"கலஃப் சொல்றது நெசம்" என்றாள். "ஹாயில் வண்டிய வித்துட்டான். எங்கிட்ட சொன்னான்."

அவர் கை உள்ளேயே நின்றது. ஆடு முனகியது.

"டார்ச்ச இந்தப் பக்கம் காட்டு" என்றார்.

மடங்கின காலை நேராக்கி, மெதுவாக இழுத்தார். குட்டி ஈரமும் சூடுமாக வைக்கோலில் விழுந்தது. மூக்கைத் துடைத்து, வைக்கோல் குச்சியால் கிச்சுக்கிச்சு மூட்டி, அது தும்மும்வரை விடவில்லை. தும்மியதும் அதைத் தாயின் வாய்ப்பக்கம் தள்ளினார். பிறகு வாளியில் கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"எப்ப சொன்னான்?"

"புதன்கெழம. போறதுக்கு ரெண்டு நாளு முன்னாடி."

"எங்க போறதுக்கு வித்தானாம்?"

"குவைத்துக்கு. டிரைவர் வேலைக்கு."

"நீ என்ன சொன்ன?"

பொய் சொல்லியிருக்கலாம். அழுதேன், கெஞ்சினேன், கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவள், "போன்னு சொன்னேன்" என்றாள்.

சுவைலிம் தலையை ஆட்டினார், ஆடு வியாபாரி விலையைச் சொன்னால் ஆட்டுகிற மாதிரி. டார்ச்சை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வெளியே போனார். அன்று விருந்தாளி அறையில் படுத்துக்கொண்டார். காலையில் அவள் கொண்டுபோய் வைத்த டீ அப்படியே ஆறிக்கிடந்தது. மகன் போனதற்கு அவள் அழுதுவிட்டாள். இது அழக்கூட முடியாத துக்கமாக இருந்தது.

வியாழக்கிழமை அஸருக்குப் பிறகு ஹாஜி ஃபரீஜ் வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்தன. பெண்கள் உள்ளறையில் இருந்தார்கள், நடுவில் ஒரு திரைதான். காப்பிக்கும் டீக்கும் டம்ளர் கழுவுகிற சாக்கில் ஷம்ஸாவோடு ஃபித்தாவும் போயிருந்தாள். சுவைலிம் வாயைத் திறக்காவிட்டால் இந்தத் திரையை விலக்கிக்கொண்டு தானே பேசிவிடுவது என்று வழியிலேயே முடிவு செய்திருந்தாள். ஆம்பளைகள் கூடின இடத்தில் குரல் கொடுத்தவள் என்ற பேர் வந்தால் வரட்டும். திரையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்தபடி நின்றாள்.

"கலஃப், ஒன் ஆளுங்க எங்கப்பா?" ஹாஜியின் குரல்.

"ரெண்டு பேருதான் ஹாஜி."

"அஞ்சு கேட்டோம்."

"மிச்ச மூணு பேருக்கும் சேத்து நானே மூணு தரம் சத்தியம் பண்றேன். குர்ஆன குடுங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "கடனுக்கு ஆள் புடிக்கிறான்டா" என்றது ஒரு குரல்.

"அது கணக்காவாது மகனே" என்றார் ஹாஜி. அவர் குரலில் வருத்தம் இருந்தது. "அப்போ நான் தீர்ப்பு சொல்ல வேண்டியதுதான். அபு ஹாயில், நீ கடைசியா ஏதாச்சும் சொல்றியா?"

ஃபித்தா திரையை இறுக்கிப் பிடித்தாள். அந்தப் பக்கம் துணி சரசரத்தது, யாரோ எழுந்து நிற்கிறார்கள்.

"தீர்ப்பு வேண்டாம் ஹாஜி" என்றார் சுவைலிம். "என் மகன் வண்டிய இவனுக்கு வித்தான். எனக்குத் தெரியும்."

ஹாஜிதான் கேட்டார்.

"எப்ப தெரியும்?"

"மொதல்லேர்ந்தே. விக்கிறதுக்கு முன்னாடியே எங்கிட்ட வந்து கேட்டான், குவைத்துக்குப் போகட்டா வாப்பான்னு. போன்னு சொன்னேன். நான்தான் சொன்னேன். அவன் போனப்புறம், அவன் பொருள் ஏதாச்சும் ஒண்ணு என் வாசல்ல நிக்கட்டும்னு பேராச பட்டுட்டேன். அதுக்குத்தான் இந்தப் பொய்யி. இவன் திருடன் இல்ல. நான்தான் பொய்யன்."

ஃபித்தாவின் விரல் திரையிலிருந்து நழுவியது. பக்கத்தில் ஷம்ஸா, "அட பாவி மனுஷா!" என்று மூச்சுக்குள் சொன்னாள். திரைக்கு அந்தப் பக்கம் சத்தம் கிளம்பிவிட்டது. செத்த பிள்ளையை வைத்துப் பொய்யா என்று ஒருத்தர், பட்டாளத்தில் இதைத்தான் படித்தானா என்று இன்னொருத்தர். காது கேளாத கிழவர் மட்டும் என்ன நடக்கிறது, என்ன நடக்கிறது என்று எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"புரிஞ்சுதான் பேசுறியா அபு ஹாயில்?" என்றார் ஹாஜி. "இனிமே இந்தச் சபையில ஒன் வார்த்தய எவனும் எடுத்துக்க மாட்டான்."

"புரிஞ்சுதான்."

"கலஃப், உரிம ஒன்னோடது. அவன் கையாலயே ஒன் பட்டறையில, நீ குத்தமத்தவன்னு வெள்ளக்கொடி கட்டச் சொல்லலாம், ஊர் பாக்க. என்ன கேக்குற?"

கலஃபுக்குத் தெரியும், சுவைலிமுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை என்று. இந்தப் பேச்சில் எது யாருடையது என்றும் அவனுக்குத் தெரியும். அவன் வாயைத் திறந்துவிடுவானோ என்று ஃபித்தா மறுபடி திரையைப் பிடித்தாள். பிறகு அவன் குரல் வந்தது.

"எனக்கு ஒரு உரிமயும் வேண்டாம் ஹாஜி. காப்பி ஆறுது. அவருக்கு ஊத்துங்க."

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. சுவைலிம் முன்னால் நடந்தார், பத்து எட்டு பின்னால் அவள். ஹாஜி வீட்டிலிருந்து கிளம்பின ஆட்கள் இவர்களைத் தாண்டிப்போனார்கள். வழக்கமாக ஸலாம் சொல்கிற இரண்டு பேர் சொல்லவில்லை. அவர் அதற்குத் தலையைக் குனியவும் இல்லை, வேகத்தைக் கூட்டவும் இல்லை. முப்பது வருஷம் அவரோடு வாழ்ந்தவள் அவள். இப்படி ஒரு மனுஷன் அந்தக் கடுகடுத்த முகத்துக்குப் பின்னால் இருந்ததை ஹாயில் பார்க்காமலே போய்விட்டான் என்று நினைத்ததும், பட்டறையில் வராத அழுகை அவளுக்கு நடுவழியில் வந்தது.

வீட்டுக்கு வந்து அடுப்பை மூட்டி, நேற்றைய பானையைச் சூடாக்கி, ரொட்டித் துணியை எடுத்துவைத்தாள். அவர் எதிரே உட்கார்ந்தார். நேற்று சாயந்திரத்திலிருந்து அவர் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இனிப் பேசமாட்டார் என்றே நினைத்தாள். பேசாவிட்டாலும் பரவாயில்லை, சாப்பிட்டால் போதும் என்றிருந்தது.

"என்னப் பத்தி என்ன சொன்னான்?" என்று கேட்டார்.

அவள் நிமிர்ந்தாள்.

"போறேன்னு சொன்னான்ல, அன்னிக்கு. என்னப் பத்தி என்ன சொன்னான்?"

மண்ணெண்ணெய் அடுப்பு உறுமிக்கொண்டிருந்தது. ஒரு சபையைப் பார்த்துத் தன்னைப் பொய்யன் என்று சொன்னபோதுகூட அந்த முகம் இப்படி இருந்திருக்காது. அடி வாங்கப் போகிற பிள்ளையின் முகமாக இருந்தது.

"ரெண்டே வருஷந்தான்னு சொன்னான்" என்றாள் ஃபித்தா. "ரெண்டு வருஷம் சம்பாரிச்சுட்டு வந்து மேல அந்த ரூம கட்டி, வாப்பா பக்கத்துலயே இருந்துக்கிறேன்னு சொன்னான். 'இப்ப சொன்னா அவரு மூஞ்சியப் பாத்துட்டு எனக்குப் போக மனசு வராது உம்மா, அதான் சொல்லல'ன்னான்."

"அவனா சொன்னான்?"

"அவன்தான்."

"சத்தியம் பண்ணு."

 கலஃபின் பெரியப்பா மக்கள் மூன்று பேர் எதற்குப் பயந்து வரவில்லையோ அது இப்போது அவள் முன்னால் இருந்தது. பொய்ச் சத்தியம் ஏறின வீடு விளங்காது என்று ஊர் முழுக்கச் சொல்லும். ஃபித்தா வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். இதில் இனிமேல் விளங்காமல் போக என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. இந்த மனுஷன் ஒருத்தர்தான் மிச்சம்.

துணியைப் பிரித்து, ரொட்டியின் மேல் வலது உள்ளங்கையை வைத்தாள்.

"வல்லாஹி. பில்லாஹி. தல்லாஹி" என்றாள், அல்லாஹ்வின் பேரில் மூன்று சத்தியமும் ஒன்றொன்றாக. "அவன் சொன்னதத்தான் நான் சொன்னேன்."

சுவைலிம் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் கைக்கடியிலிருந்து அந்த ரொட்டியை உருவி, இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"நேத்துலேர்ந்து நீயும் சாப்புடல. சாப்புடு" என்றார்.

அவள் எடுத்துச் சாப்பிட்டாள்.